இரும்பு நுழையாத வீடு

எனக்கு எண்பத்தெட்டு வயது நடக்கிறது. பெற்றது ஏழு, வளர்த்தது ஐந்து. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. பெயர் எழுதுவேன், பஸ் போர்டு வாசிப்பேன், அதற்கு மேல் எழுத்து என்னோடு வரவில்லை. ஆனாலும் தென்காசியில் காந்தத்துக்கென்று சர்க்கார் ஒரு வீடு கட்டி வைத்திருந்ததே, அந்த வீட்டுக்குள் தினமும் போய் வந்த பெண் நான் ஒருத்திதான். இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். எனக்கே பாதி விளங்காத சங்கதியை மற்றவர்கள் நம்ப வேண்டும் என்று நான் எப்படிக் கேட்பது.

அந்த வீட்டை நினைத்தால் முதலில் கண்ணில் நிற்பது ஒரு பித்தளைத் தாம்பாளம்தான். அதில் நீற்றாத சுண்ணாம்புக் கட்டிகள் அடுக்கியிருக்கும். சாரல் காலத்தில் எங்கள் பக்கம் சுவரெல்லாம் பூஞ்சணம் பூக்கும், உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். உள்ளே இருந்த, காந்தத்தை அளக்கிற கருவிக்கோ ஈரம் ஆகாது. சுண்ணாம்புக் கட்டி காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்கும். குடித்துக் குடித்து மாவாக உதிரும். உதிர்ந்த தாம்பாளத்தை எடுத்துவிட்டுப் புதுக் கட்டி வைத்த தாம்பாளத்தைக் கருவிக்குப் பக்கத்தில் வைப்பது என் வேலை. தினமும் உச்சிப்பொழுதில் அதைச் செய்ய வேண்டும். சமையலும் தண்ணீர் சுமப்பதும் மற்ற நேரத்தில்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஒரு மேட்டில் இருந்தது அந்த வீடு. ஐம்பதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்சுவர், இரட்டை ஓலைக்கூரை. ஓர் ஆணிகூடக் கிடையாது. கதவுக்குப் பித்தளைக் கீல், உத்தரத்துக்கு மர முளை, மற்றதெல்லாம் தென்னங்கயிறு. சுற்றிலும் நூறு எட்டு தள்ளி சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டுக்கு உள்ளே இரும்பு வரக்கூடாது. சைக்கிள் கோட்டுக்கு வெளியே நாவல் மரத்தடியில் நிற்கும். அரிவாள்மணை, இரும்பு வாளி, கதவுச் சாவி எல்லாம் வெளியே. சாரலில் வருகிறவர்கள் குடையை மடக்கி மரத்தில் தொங்கவிட்டு நனைந்துகொண்டே உள்ளே வருவார்கள், குடைக் கம்பி இரும்பு என்பதால்.

இதற்கெல்லாம் மேற்பார்வை தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர். இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். காந்த சார் என்போம். மூக்குக்கண்ணாடிக் காலில் இருந்த சின்னத் திருகாணியைக்கூடக் கழற்றிவிட்டு நூலால் கட்டியிருப்பார். அவருக்கு உதவியாக ஒரு பியூன், மேலகரத்துக்காரர், அவரை அண்ணாச்சி என்பேன். நான் மூன்றாவது ஆள். அப்போது எனக்கு இருபத்தொன்று. என் வீட்டுக்காரர் செங்கோட்டையில் மர அறுப்பு வேலைக்குப் போய் வாரம் ஒருமுறை வருவார். நானும் மாமியாரும்தான் வீட்டில். வயிற்றில் ஆறு மாதம்.

வேலைக்குச் சேர்ந்த அன்று சார் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு கோட்டருகே நின்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஊக்கு, கொண்டை ஊசி, சாவி என்று நானும் எடுத்துக் கொடுத்தேன். “மெட்டி வெள்ளி சார்” என்றேன். “வெள்ளி இருக்கலாம்மா. இரும்பு வேற ஏதாவது இருக்கா?” என்றார். “இல்ல சார்” என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. இதை அழுத்தமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் வாயிலிருந்து பொய் வந்தது என்று இந்த ஊரில் ஒருத்தரும் சொன்னதில்லை. என் இடுப்பில், சேலைக்குக் கீழே, கறுப்புக் கயிற்றில் உள்ளங்கை நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டு கட்டியிருந்தது. உடைந்த அரிவாள் நுனியைக் கொல்லரிடம் கொடுத்துத் தட்டி மழுக்கி, மஞ்சள் துணியில் தைத்து, மாமியார் தன் கையால் கட்டிய முடிச்சு. பிள்ளை பிறக்கும்வரை உடம்பை விட்டு அது இறங்கக்கூடாது. ஒரு நாழிகை கழற்றினாலும் கழற்றியதுதான். காத்து கருப்பு அண்டாமல் இருக்க எங்கள் பக்கம் பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாரும் செய்வதுதான். சார் இரும்பு இருக்கிறதா என்று கேட்டபோது அது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. ஊக்கு இரும்பு, சாவி இரும்பு. அது காவல். அதை இரும்பு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

கருவி எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. இருட்டறை, சிவப்புக் கண்ணாடி விளக்கு. ஒரு மெல்லிய இழையில் சின்னக் காந்தம் தொங்கும், அதில் நகத்தளவு கண்ணாடி ஒட்டியிருக்கும். விளக்கு வெளிச்சம் அந்தக் கண்ணாடியில் பட்டுத் தெறித்து, எதிரே ஒரு நாளைக்கு ஒரு சுற்று சுற்றுகிற உருளையில் விழும். உருளையில் படக் காகிதம். காந்தம் அசைந்தால் வெளிச்சப் புள்ளி அசையும், காகிதத்தில் கோடு ஏறி இறங்கும். காலை ஒன்பது மணிக்குக் காகிதத்தை எடுத்துக் கழுவி, மர இடுக்கி போட்டுக் கயிற்றில் காயவைப்பார் சார். முந்தின நாள் முழுக்க அந்தக் காகிதத்தில் கோடாகக் கிடக்கும்.

நான் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும், வடக்கே இருந்த பெரிய ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அன்றிலிருந்து சார் சாப்பிடவில்லை. வைத்த சோறு வைத்தபடி திரும்பும். அண்ணாச்சிதான் எனக்கு விவரம் சொன்னார். நம் காகிதத்தில் பகல் பத்து மணிக்கு மேல் கோடு மெதுவாக ஏறி, உச்சியில் பெரிய மேடாக நின்று, பிறகு இறங்குகிறதாம். வேறு ஊர்களில் இந்த மேடு சின்னதாக இருக்கிறதாம், இங்கே இரண்டு மடங்காம். போதாததற்கு மேட்டின் உச்சியில் தினமும் ஒரு பல் மாதிரி வெடுக்கென்று நீட்டிக்கொண்டு நிற்கிறதாம். கருவிக்குப் பக்கத்தில் எங்கேயோ இரும்பு இருக்கிறது, கண்டுபிடித்து எடு, இல்லாவிட்டால் வீட்டை மூடிவிட்டு வா என்று எழுதியிருந்தார்களாம்.

சார் மண்வெட்டிக்கு மரப்பிடி போட்டு, இரும்பு அலகுக்குப் பதில் செம்புத் தகடு அடித்து வாங்கி வந்து, மேட்டைத் தோண்ட ஆரம்பித்தார். ஒரு மாட்டு லாடம் கிடைத்தது. ஒரு கலப்பைக் கொழு கிடைத்தது. கிடைக்கும்போதெல்லாம் குழந்தை மாதிரி முகம் மலரும். மறுநாள் காலை காகிதத்தைப் பார்த்ததும் வாடிவிடும். மேடும் இருக்கும், பல்லும் இருக்கும்.

“ஏ தாயி, சாரு புதையல் தோண்டுதாருன்னு ஊரெல்லாம் பேச்சு” என்பார் அண்ணாச்சி. “குத்தாலத்துக்கு வாரவன் குளிச்சிட்டுப் போவான். இவரு குழி வெட்டிட்டுல்லா போவாரு போல.”

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருந்தபோதே ஒன்று உறைத்தது. பல் உச்சிப்பொழுதில் விழுகிறது. உச்சிப்பொழுதில் கருவிக்குப் பக்கத்தில் போவது நான். அன்று சாயங்காலம் மாமியாரிடம் கேட்டேன்.

“அத்தை, இடுப்புல கெடக்கே, இது இரும்புதான?”

“ஏட்டி, இதென்ன கேள்வி. வெல்லமா அது?”

“அந்த சாரு இரும்பு ஆகாதுங்காரு.”

“அவரு காந்தத்துக்கு ஆகலன்னா அவரு காந்தத்தைக் கழத்தி வைக்கச் சொல்லு. ரெண்டு போயாச்சு. மூணாவதும் போவணுமா? நீ அதைக் கழத்துன, பொறவு இந்த வீட்டுல நான் ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டேன்.”

இரண்டு போனது உண்மை. மூத்தது பையன், ஏழாம் நாள் போய்விட்டான். அடுத்தது பிறக்கும்போதே அழவில்லை. இரண்டு தடவையும் என் இடுப்பில் இரும்பு இருந்தது. அதைப் பற்றி மாமியார் சொன்னது, முன்பு கட்டியது சின்னத் துண்டு, தெறம் போதவில்லை, இந்தத் தடவை பெரிதாகச் செய்திருக்கிறேன் என்பதுதான். நானும் அப்படியே நம்பினேன். ஆனால் சார் ஒவ்வொரு குழியாகத் தோண்டி, இது இல்லை, இதுவும் இல்லை என்று தள்ளிக்கொண்டு வந்ததை மூன்று வாரமாகப் பார்த்திருந்தேன் இல்லையா. என் மனசும் அதே போலத் தோண்ட ஆரம்பித்துவிட்டது. அதை நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை.

நாலு நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். ஐந்தாம் நாள், சிற்றாற்றுக் கரையோடு வருகையில், பாறை மறைவில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். மாமியார் முடிச்சு மூன்று சுற்றும் ஒரு கொக்கியும். திரும்பக் கட்டும்போது அதே போல வர வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சுற்றாகப் பார்த்துப் பார்த்து அவிழ்த்தேன். துணிப்பையை நாவல் மரத்துப் பொந்தில் வைத்துவிட்டு, கோட்டைத் தாண்டி, சுண்ணாம்புத் தாம்பாளத்தோடு உள்ளே போனேன். வெறும் இடுப்பாக உச்சிப்பொழுதில் நடந்த அந்த நூறு எட்டும் எனக்கு இன்னும் காலில் இருக்கிறது. வயிற்றில் பிள்ளை புரண்டது. பயந்தா புரண்டது, சும்மாவா புரண்டது, யாரைக் கேட்பது.

மறுநாள் காலை சார் ஈரக் காகிதத்தோடு வெளியே ஓடி வந்தார். “பல் இல்லை அண்ணாச்சி. பல் போயிடுச்சு.” பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், “ஆனா மேடு அப்படியே இருக்கு.”

எனக்கு அது அடியோடு விளங்கவில்லை. இரும்பைக் கழற்றினால் இரண்டும் போக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் இருக்க வேண்டும். சாரின் முன்னால் போய் நின்று, தலையைக் குனியாமல் சொல்லிவிட்டேன். பல் என்னுடையது, இடுப்பில் இரும்பு இருந்தது, நேற்றுக் கழற்றிவிட்டு வந்தேன் என்று.

அவர் காகிதத்தைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “மூணு வாரம் மண்ணைத் தோண்டினேனேம்மா.”

“அதை நான் இரும்புன்னு நெனைக்கல சார். அது காவலு.”

எதற்குக் காவல் என்று கேட்டார். போன இரண்டையும் சொன்னேன். காகிதத்தைக் கீழே வைத்தார். பிறகு, “நீங்க கட்டிக்குங்க. சுண்ணாம்பை இனிமே அண்ணாச்சி மாத்தட்டும்” என்றார்.

அத்தோடு நான் பேசாமல் வந்திருக்கலாம். அண்ணாச்சிதான் கிளறினார். “பொம்பள இடுப்புல இரும்பு இருந்துதுன்னு எழுதுனா போதும் சார், மேடும் அதனாலதான்னு முடிச்சிருவாவ. தாயி தலையிலதான் விடியும்.” சாரும் ஆமாம் என்று தலையாட்டினார். ஒரு நாள் காகிதத்தை யாரும் நம்ப மாட்டார்கள் என்றார்.

என் தலையில் விடியும் என்றதும் எனக்குச் சுரீர் என்றது. பல் என்னுடையது, ஒத்துக்கொண்டேன். மேடு என்னுடையது இல்லையே. “எத்தனை நாள் காட்டுனா நம்புவாவ சார்?” என்றேன். “நடுப்பகல்ல நான் அது இல்லாம வாரேன். நாலு மணிக்கு அதைக் கட்டிக்கிட்டு வந்து நிக்கேன். பல்லு நாலு மணிக்கு விழுந்தா அது நானு. மேடு நடுப்பகல்லயே நின்னா அது நான் இல்லன்னு தெரியும்லா?”

சார் என்னை அண்ணாந்து பார்த்தார். வேண்டாம்மா, உங்க மாமியாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும், உங்களுக்கு ஏதாவது ஆனால் நான் என்ன சொல்வது என்றார். ஆனால் வேண்டாம் என்பதை இரண்டாம் தடவை அவர் சொல்லவில்லை.

பதிமூன்று நாள் செய்தேன். ஆற்றங்கரையில் அவிழ்ப்பது, பொந்தில் வைப்பது, உச்சிப்பொழுதில் வெறுமனே போய் வருவது, நாலு மணிக்குக் கட்டிக்கொண்டு போய்க் கருவிக்குப் பக்கத்தில் நூறு எண்ணும்வரை நிற்பது. எதற்காகச் செய்தேன் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். சாரின் வேலை போகக்கூடாது என்றா, என் மேல் பழி நிற்கக்கூடாது என்றா, இல்லை, அந்த இரும்பு உண்மையிலேயே எதைத் தடுக்கிறது எதைத் தடுக்கவில்லை என்று எனக்கே தெரிய வேண்டியிருந்ததா. ஒரு நாளைக்கு ஒன்று சரியாகப் படுகிறது.

அந்த நாட்களில்தான் சாரிடம் கேட்டேன், நான் இல்லை என்றால் பின்னே அந்த மேடு யார் என்று. உதிர்ந்த சுண்ணாம்பு மாவைத் தரையில் பரப்பி விரலால் கோடு போட்டுக் காட்டினார். ரொம்ப உயரத்தில் வெயில் காற்றையே உடைக்கிறதாம். உடைந்த தூள்களில் மின்சாரம் ஏறிவிடுமாம். பூமி முழுக்க ஒரு காந்தமாம். அதன் பிடி இந்த ஊருக்கு மேலே தெற்கு வடக்காகப் படுத்த வாக்கில் கிடக்கிறதாம்.

“அப்ப காந்தம் அந்தத் தூளை இழுக்குமா சார்?”

“இழுக்காதும்மா. தள்ளாது. திருப்பும்.”

“காந்தம்னா இழுக்கணும்லா?”

“இரும்பைத்தான் இழுக்கும். இந்தத் தூள் நின்னா காந்தம் கண்டுக்கவே கண்டுக்காது. ஓடினாதான் பக்கவாட்டில் திருப்பும். வேகத்தைக் கூட்டாது, குறைக்காது. திருப்பிக்கிட்டே இருக்கும்.”

“திருப்பிக்கிட்டே இருந்தா செக்குமாடு கணக்கா சுத்திக்கிட்டுல்லா கெடக்கும்.”

“அதேதான்” என்று சார் துள்ளினார். காந்தத்தின் பிடியோடு சேர்ந்து நேராக ஓடினால் ஒன்றும் செய்யாது, குறுக்கே ஓடினால்தான் திருப்பும் என்றார். “எங்க மாமியாவும் அப்படித்தான் சார்” என்றேன். அண்ணாச்சி வாயில் இருந்த வெற்றிலை தெறிக்கச் சிரித்தார்.

சுற்றுகிற தூளை வேறொரு விசை பக்கத்திலிருந்து நெருக்கினால், அது சுற்றிக்கொண்டே நகருமாம், சாக்கு வாய் தைக்கிற தையல் மாதிரி. கனத்த தூள் காற்றில் முட்டி முட்டி நின்றுவிடுமாம். லேசான தூள் மட்டும் மேற்கே பார்த்து ஆறாக ஓடுமாம். மின்சாரம் ஓடினால் அதுவே ஒரு காந்தமாம். அந்த ஆறுதான் உச்சிப்பொழுதில் நம் ஊசியை அசைத்து மேடாக்குகிறது, பிடி படுத்துக் கிடக்கிற ஊரில்தான் அது பெரிதாக ஓடும் என்றார். நான் விடவில்லை. “ஆடி மாசம் வெயிலே இல்லியே சார், சாரல்லா அடிக்கு. மேடு எப்படி வரும்?” மேகமெல்லாம் கீழே, அதற்கு மேலே எப்போதும் வெயில்தான் என்றார். “மேக்கேயிருந்துல்லா காத்து வருது, அது எப்படி மேக்கே பாத்து ஓடும்?” அது காற்று இல்லையம்மா என்றார். கேட்கக் கேட்கப் புரிவது போல இருக்கும், வீட்டுக்குப் போய் அரிசி களைகையில் ஒன்றும் இருக்காது. கண்ணில் படாத ஆறு, இழுக்காத காந்தம். நான் இடுப்பில் கட்டியிருந்ததும் கண்ணில் படாத ஒன்றுக்காகத்தான். எந்தக் கண்ணில் படாததை நம்புவது, எதை விடுவது என்று ஒரே குழப்பம்.

பதிமூன்று காகிதமும் நான் சொன்னபடியே வந்தன. மேடு நடுப்பகலில், பல் நாலு மணியில். சார் எல்லாவற்றையும் கட்டி அனுப்பினார். ஒரு மாதம் கழித்துப் பெரிய ஆபீசர் ஒருவர் தானே வந்து, பெல்ட்டைக் கழற்றி நாவல் மரத்தில் மாட்டிவிட்டு, வேட்டியைப் பிடிப்பது போலக் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மூன்று நாள் உள்ளேயே இருந்து பார்த்தார். மேடு வானத்தினுடையதுதான் என்று ஒப்புக்கொண்டு போனார். வீடு மூடப்படவில்லை. சார் அனுப்பிய காகிதத்தில் என்னைப் பற்றி ஒரு வரி இருந்ததாம். பெயர் இல்லை, சமையற்காரி என்று இருந்ததாம். பெயரையும் போட்டிருக்கலாம். எழுதக் கற்ற ஒரே வார்த்தை அது எனக்கு.

ஐப்பசியில் வலி கண்டது. முதல் நாள் இரவு முழுக்கவும் அடுத்த பகலும் நான் வேறெதையும் நினைக்கவில்லை. முதல் நாளையும் சேர்த்துப் பதினாலு உச்சிப்பொழுதை எண்ணிக்கொண்டே கிடந்தேன். பெண் பிறந்தாள். வீறிட்டு அழுதாள். ஏழாம் நாள் வந்தது. மாமியாரும் நானும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் இருந்தோம். எட்டாம் நாள் விடிந்ததும் மாமியார் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, “பாத்தியாட்டி, இரும்பு காத்துருச்சு” என்றார். நான் ஆமாம் அத்தை என்றேன். பொய் சொன்னதில்லை என்று மேலே சொன்னேன். அந்த ஒன்று பொய்யா மெய்யா என்று எனக்குத் தெரியாததால் அதைச் சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகு நாலு பிள்ளை. நாலுக்கும் கட்டிக்கொண்டேன், ஒரு நாழிகைகூடக் கழற்றவில்லை. எல்லாம் நன்றாக இருக்கின்றன. கழற்றி வைத்துப் பார்த்தவளும் நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வும் பெற்றுவிட்டாள். எந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் முடிவாகவில்லை. பதிமூன்று நாள் காகிதம் பெரிய ஆபீசருக்குப் போதுமாக இருந்தது. எனக்கு ஏழு பிள்ளை போதவில்லை.

மாமியார் கடைசிவரை இது தெரியாமலே போனார். என் மகளிடமும் சொன்னதில்லை. யாரோ ஒருத்தருடைய காகிதம் சுத்தமாக வரவேண்டும் என்றும், என் மேல் சொல் வரக்கூடாது என்றும், வயிற்றில் இருந்த உன்னைப் பதினாலு நாள் காவல் இல்லாமல் உச்சிப்பொழுதில் கூட்டிக்கொண்டு போனேன் என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது. அவள் சிரிப்பாளாக இருக்கும். அம்மா, இரும்பில் என்ன இருக்கிறது என்பாளாக இருக்கும். அப்படிச் சொல்லிவிட்டால் அந்தப் பதினாலு நாள் நான் பட்டது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். சிரிக்காமல் என்னைப் பார்த்தால் அதையும் என்னால் தாங்க முடியாது. நாளைக்கு அவள் வருகிறாள். வந்ததும் இதைக் கையில் கொடுப்பதாக இருக்கிறேன்.

எழுதினது போதும் தாயி, பேனாவை மூடு. உங்க அம்மா வாசிக்கதுக்கு முன்னால நான் ஒரு தடவை கேக்கணும். முதல்லேர்ந்து வாசி. மெதுவா வாசி.